கடலுக்கடியில் இன்னும் கண்டுபிடிக்காத எண்ணெயைக் கணக்கிடுவது எப்படி

போன டிசம்பர் விடுமுறையில் அக்கா மகன் வீட்டுக்கு வந்திருந்தான். பெட்ரோலியம் எஞ்சினியரிங் மூன்றாம் வருடம். "சித்தி, யாருமே துளை போட்டுப் பார்க்காத கடலுக்கு அடியில இத்தனை கோடி பேரல் எண்ணெய் இருக்குன்னு செய்தியில சொல்றாங்களே, அதை எப்படிக் கணக்குப் போடுறாங்க?" என்று கேட்டான்.

நான் புள்ளியியல் படித்தவள். நார்வேயின் ஸ்டவாங்கர் நகரில் ஆறு வருடம் இந்தக் கணக்கைப் போடுவதுதான் என் வேலை. அவனுக்கு மூன்று சாயங்காலம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததை அப்படியே இங்கே எழுதுகிறேன். ஒரு எக்செல் ஷீட்டும் பிளஸ் டூ கணக்கும் இருந்தால் நீங்களும் செய்து பார்க்கலாம்.

முதலில் ஒரு சொல்லைச் சரி செய்துகொள்வோம். கண்டுபிடிக்காத எண்ணெயைக் 'கையிருப்பு' என்று சொல்லக்கூடாது. துளை போட்டு, எண்ணெய் இருப்பது உறுதியாகி, லாபத்தோடு எடுக்கவும் முடியும் என்றால்தான் அது கையிருப்பு. கண்டுபிடிக்காதது வெறும் 'வளம்', அதுவும் ஒரு வாய்ப்போடு சேர்த்துச் சொல்ல வேண்டிய வளம். செய்திகளில் இரண்டையும் போட்டுக் குழப்புகிறார்கள். நீங்கள் குழப்பிவிட்டால் பின்னால் வரும் எல்லா எண்களும் தப்பாகப் புரியும்.

பயிற்சிக்கு நார்வே கடற்பரப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 1966-இல் முதல் கிணறு தோண்டியதிலிருந்து இன்றுவரை, எந்தக் கிணறு எந்த வருடம், எண்ணெய் கிடைத்ததா, எவ்வளவு எடுக்க முடியும் என்ற பட்டியல் முழுவதையும் அரசு இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அந்தத் துறைக்கு 2024 முதல் பெயர் நார்வே கடற்பரப்பு இயக்குநரகம். அதற்கு முன்னால் பெட்ரோலிய இயக்குநரகம். இவ்வளவு சுத்தமான தரவு வேறு எங்கும் சுலபமாகக் கிடைக்காது. அளவுகள் எல்லாம் கன மீட்டரில் இருக்கும். 1 கன மீட்டர் 6.29 பேரல்.

கோணிப்பைக்குள் கை விடுவது

முதல் நாள் கம்ப்யூட்டரைத் திறக்கவே இல்லை. ஒரு கோணிப்பையில் நாலு தேங்காய், பதினைந்து எலுமிச்சை, இரண்டு கைப்பிடி சுண்டைக்காய் போட்டுக் குலுக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுக்கச் சொன்னேன். எடுத்தது எது என்பதை வரிசையாக ஒரு தாளில் குறித்துக்கொண்டே வந்தேன். முதல் ஆறு முறைக்குள் நாலு தேங்காயும் வெளியே வந்துவிட்டன. எண்ணிக்கையில் சுண்டைக்காய்தான் அதிகம், ஆனால் கையில் முதலில் தட்டுப்படுவது பெரியது.

எண்ணெய் வயல்களும் அப்படித்தான். பெரிய வயல் பெரிய பரப்பில் கிடக்கும், நில அதிர்வு வரைபடத்தில் (ஒலி அலையை அனுப்பி, எதிரொலியை வைத்து அடிப்பாறைகளை வரைவது) முதலில் கண்ணில் படும், எல்லோரும் அங்கேதான் முதல் கிணற்றைப் போடுவார்கள். 1958-இல் ஆர்ப்ஸ், ராபர்ட்ஸ் இருவரும் அமெரிக்காவின் டென்வர் வடிநிலத்துக்கு (படிவுப் பாறைகள் அடுக்கடுக்காகச் சேர்ந்த பள்ளமான பகுதி) இதைக் கணக்காக எழுதினார்கள். 1975-இல் காஃப்மன், பால்சர், க்ரூய்ட் மூவரும் இன்னும் தெளிவான நிகழ்தகவு மாதிரியாக ஆக்கினார்கள். அதன் உயிர்நாடி ஒரே விதி: மீதி இருக்கும் வயல்களில் ஒன்று அடுத்துக் கண்டுபிடிக்கப்படும் வாய்ப்பு, அதன் அளவுக்கு விகிதமாக இருக்கும், எடுத்ததைத் திரும்பப் பைக்குள் போடுவதில்லை.

கையாலேயே போட்டுப் பாருங்கள். ஒரு பகுதியில் மூன்று வயல்கள், அளவு 60, 30, 10. முதலில் 60 கிடைக்கும் வாய்ப்பு 0.6. அது போனபின் மிச்சம் 40. அதில் 30 கிடைக்கும் வாய்ப்பு 0.75. ஆக 60, 30, 10 என்று இறங்குவரிசையில் வரும் வாய்ப்பு 0.45. தலைகீழாக 10, 30, 60 என்று வரும் வாய்ப்பு 0.1 × 0.33, அதாவது 0.03 மட்டுமே. இப்போது இதைத் திருப்பிப் போடுங்கள். கண்டுபிடிப்புகள் வந்த வரிசை நமக்குத் தெரியும். எப்படிப்பட்ட பையாக இருந்தால் இந்த வரிசை வரும் வாய்ப்பு அதிகம் என்று தேடினால், பையில் இன்னும் என்ன மிச்சம் என்பதற்கு ஒரு விடை கிடைக்கும். எண்ணெய் எங்கே இருக்கிறது என்று தெரியாமலே எவ்வளவு மிச்சம் என்று சொல்ல முடிகிற இந்த இடத்தில்தான் எனக்கு இந்தத் துறையின் மேல் பிடிப்பு வந்தது.

வளைவு வரைவது

அடுத்து ஷீட்டில் இறங்கலாம். கிடைமட்ட அச்சில் வைல்ட்கேட் கிணறுகளின் எண்ணிக்கை, அதாவது புதிய இடத்தில் தேடித் தோண்டிய கிணறுகள் மட்டும். செங்குத்து அச்சில் அதுவரை கண்டுபிடித்த மொத்த அளவு. வருடத்தைக் கிடைமட்ட அச்சில் போடாதீர்கள். விலை விழுந்த வருடத்தில் யாரும் தோண்ட மாட்டார்கள், வளைவு காரணமில்லாமல் தட்டையாகத் தெரியும். இதற்குத் தொழிலில் க்ரீமிங் கர்வ் என்று பெயர். பாலேட்டை முதலில் எடுத்துவிட்டால் அப்புறம் வெறும் பால்தான்.

நார்வேயின் வடகடல் பகுதிக்கு வரைந்தால் படிக்கட்டு போல ஏறும். 1969-இல் எகோஃபிஸ்க், 1974-இல் ஸ்டாட்ஃப்யோர்ட், 1979-இல் ட்ரோல். ஒவ்வொன்றும் ஒரு பெரிய படி. அதன்பின் படிகள் சிறுத்துக்கொண்டே போகும். இந்தப் புள்ளிகளின் மேல் ஒரு கோட்டைப் பொருத்துங்கள்: மொத்தம் = உச்சம் × (1 − இ-இன் அடுக்கு −கே × கிணறுகள்). இ என்பது 2.718 என்ற எண், கே என்பது வளைவு எவ்வளவு வேகமாகத் தட்டையாகிறது என்பதைச் சொல்லும் எண். எக்செலின் சால்வர் உச்சத்தையும் கே-யையும் கண்டுபிடித்துக் கொடுக்கும். உச்சத்திலிருந்து இதுவரை கண்டுபிடித்ததைக் கழித்தால் மிச்சம்.

இதில் இரண்டு இடத்தில் சறுக்கும்.

ஒன்று, வயலின் அளவு காலப்போக்கில் வளரும். எகோஃபிஸ்கில் இருக்கும் எண்ணெயில் சுமார் 17 சதவீதம்தான் எடுக்க முடியும் என்று ஆரம்பத்தில் நினைத்தார்கள். 1987-இலிருந்து பெரிய அளவில் தண்ணீர் செலுத்தத் தொடங்கியபின் அது 50 சதவீதத்தைத் தாண்டும் என்று ஆகியிருக்கிறது. இந்த வளர்ச்சி முழுவதும் கண்டுபிடித்த வருடமான 1969-இன் கணக்கிலேயே சேர்கிறது. நேற்றுக் கண்டுபிடித்த வயலுக்கு அந்த வளர்ச்சி இன்னும் வரவில்லை. அதனால் பழைய படிகள் உயரமாகவும் புதிய படிகள் குட்டையாகவும் தெரியும்; வளைவு உண்மையில் இருப்பதைவிடச் சீக்கிரமாகத் தட்டையானது போலத் தோன்றும்.

இரண்டாவது சறுக்கலைச் சொல்வதற்குப் பதில் அவனையே செய்யச் சொன்னேன். 2009 வரையிலான புள்ளிகளை மட்டும் வைத்துக் கோட்டைப் பொருத்தச் சொன்னேன். கோடு நன்றாகப் படுத்துக்கொண்டது. இனிமேல் வருவதெல்லாம் சின்னச் சின்ன வயல்தான் என்றது. "சரி, இப்ப 2010, 2011-ஐ அவிழ்த்துப் பாரு" என்றேன். ஒரு புள்ளி கோட்டை விட்டு மேலே பாய்ந்து நின்றது. யோஹான் ஸ்வெர்ட்ரூப். ஸ்டவாங்கருக்கு மேற்கே சுமார் 160 கிலோமீட்டர் தள்ளி, உட்சிரா மேடு என்ற கடலடிப் பாறை மேட்டில், கடல் மட்டத்திலிருந்து வெறும் 1,900 மீட்டர் சுமாரான ஆழத்தில், 270 கோடி பேரல் எடுக்கக்கூடிய வயல். கன மீட்டரில் கிட்டத்தட்ட 43 கோடி. கடற்பரப்பைத் திறந்து நாற்பத்தைந்து வருடம் கழித்து, நன்கு தேடி முடித்த கடல் என்று நினைத்த இடத்தில் கிடைத்தது. தனித்தனி வயல் என்று நினைத்த இரண்டு கண்டுபிடிப்புகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்த ஒரே வயல் என்று பின்னால்தான் தெரிந்தது.

காரணம் கணக்கில் இல்லை, பையில் இருக்கிறது. மேற்கே மூலப் பாறையில், அதாவது எண்ணெய் உருவாகும் பாறையில், வெந்த எண்ணெய் அவ்வளவு தூரம் கிழக்கே நகர்ந்து வந்திருக்கும் என்று பலர் நம்பவில்லை. அதனால் அந்த மேடு யாருடைய பையிலும் சரியாக இல்லை. வளைவு, கையில் இருக்கும் யோசனைக்குள் மிச்சம் எவ்வளவு என்று மட்டும்தான் சொல்லும். ஆகவே முழுக் கடலுக்கும் ஒரே வளைவு வரையாமல், ஒவ்வொரு 'ப்ளே'வுக்கும் தனியாக வரையுங்கள். ஒரே மூலப் பாறை, ஒரே வகைத் தேக்கப் பாறை (எண்ணெய் தங்கும் பாறை), ஒரே வகைப் பொறி (எண்ணெய் தப்பிப் போகாமல் சிக்கிக்கொள்ளும் பாறை அமைப்பு) உள்ள பகுதிக்கு ப்ளே என்று பெயர்.

கிணறுகளே குறைவாக இருக்கும் கடலில் வளைவு வரைய வழியில்லை. நமக்குப் பக்கத்து மன்னார் வடிநிலத்தில் 2011-இல் இலங்கைப் பக்கம் டொராடோ, பராகுடா என்று இரண்டு எரிவாயுக் கண்டுபிடிப்புகள் வந்தன. இரண்டு புள்ளியின் வழியே எந்தக் கோட்டை வேண்டுமானாலும் இழுக்கலாம். அங்கெல்லாம் அடுத்துச் சொல்லப்போகும் முறைதான்.

ஒரு மேட்டுக்குள் எவ்வளவு

நில அதிர்வுப் படத்தில் பாறை குடை போலக் கவிந்திருக்கும் ஓரிடம் தெரிகிறது என்று வையுங்கள். இதை ப்ராஸ்பெக்ட் என்பார்கள். பரப்பு 20 சதுர கிலோமீட்டர், எண்ணெய் தங்கக்கூடிய பாறையின் கனம் 30 மீட்டர் என்றால், பாறை 60 கோடி கன மீட்டர். அதில் துளைவெளி 22 சதவீதம்: 13.2 கோடி. அந்தத் துளைகளில் 30 சதவீதம் தண்ணீர் போக மீதி எண்ணெய்: 9.24 கோடி. மேலே கொண்டுவரும்போது அழுத்தம் குறைந்து, கரைந்திருந்த வாயு பிரிந்து, எண்ணெய் சுருங்கும், 1.4-ஆல் வகுத்தால் 6.6 கோடி. அதில் 35 சதவீதம் எடுக்க முடிந்தால் 2.31 கோடி கன மீட்டர், அதாவது சுமார் 14.5 கோடி பேரல்.

இந்தக் கடைசி 35 சதவீதத்தைத்தான் ஆட்கள் யோசிக்காமல் போட்டுவிடுகிறார்கள். ஸ்டவாங்கரில் என்னோடு வேலை செய்த ஒரு நிலவியலாளர் மேசையில் சுண்ணப் பாறைத் துண்டு ஒன்று வைத்திருப்பார். எகோஃபிஸ்க் எண்ணெய் இருப்பது இந்த வகைப் பாறையில்தான். கையில் எடுத்தால் பள்ளிக்கூடத்து சாக்பீஸ் மாதிரியே விரலில் வெள்ளை ஒட்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் கண் முன்னாலேயே உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே இவ்வளவு இடம் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் துளைகள் அவ்வளவு நுண்ணியவை. உறிஞ்சியது லேசில் திரும்ப வராது. துளைவெளி அதிகம் என்பது வேறு, எடுக்க முடியும் என்பது வேறு.

இப்போது ஒவ்வொரு எண்ணுக்கும் பதிலாக ஒரு வீச்சைக் கொடுங்கள். பரப்பு 8 முதல் 45 வரை இருக்கலாம், துளைவெளி 15 முதல் 28 வரை, இப்படி. எக்செலில் ராண்ட் ஃபங்ஷனை வைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்ணைக் குலுக்கி எடுத்து, மேலே செய்த பெருக்கலை 10,000 வரிசைக்குச் செய்யுங்கள். மாண்டி கார்லோ என்று பெரிய பெயர் சொல்வது இதைத்தான். விடைகளை வரைந்தால் இடப்பக்கம் குவிந்து வலப்பக்கம் நீண்ட வால் விட்டிருக்கும். பல எண்களைப் பெருக்கினால் இந்த லாக்நார்மல் வடிவம் தானாக வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. துளைவெளி குறைந்த பாறையில் பெரும்பாலும் தண்ணீர் விகிதம் அதிகமாக இருக்கும். இரண்டையும் தனித்தனியாகக் குலுக்கினால் ஒன்றின் கெடுதலை மற்றொன்று ஈடு செய்வதுபோல ஆகி, வீச்சு பொய்யாகச் சுருங்கும். சேர்ந்து நகர்கிற எண்களைச் சேர்த்தே குலுக்குங்கள்.

விடையை மூன்று எண்ணாகச் சொல்வது வழக்கம். இதற்கு மேல் இருக்க 90 சதவீத வாய்ப்பு என்றால் பி90. ஆகவே அதுதான் சின்ன எண். நம் ப்ராஸ்பெக்டுக்கு பி90 60 லட்சம், பி50 2 கோடி, பி10 6.6 கோடி கன மீட்டர் என்று வந்தால், சராசரி 3.09 கோடி வரும். நடு எண்ணான 2 கோடியைவிட சராசரி ஒன்றரை மடங்கு பெரிது, நீண்ட வால்தான் காரணம். அவசரத்துக்கு ஸ்வான்சன் விதி உண்டு: 0.3, 0.4, 0.3 என்று மூன்றையும் எடை போட்டுக் கூட்டினால் 2.96 கோடி. வீச்சு ரொம்ப அகலமாக இருந்தால் இந்த விதி குறைத்துச் சொல்லும்.

பூஜ்யம்

மேலே போட்டதெல்லாம் எண்ணெய் இருந்தால் எவ்வளவு என்ற கணக்கு. இல்லாமலே போகலாம் என்பதை இன்னும் சேர்க்கவில்லை.

நாலு விஷயமும் ஒத்து வர வேண்டும். மூலப் பாறை வெந்து, எண்ணெய் இங்கே வந்து சேர்ந்திருக்க வேண்டும்: 0.8. தேக்கப் பாறை நன்றாக இருக்க வேண்டும்: 0.7. பொறியின் வடிவம் படத்தில் தெரிவதுபோலவே இருக்க வேண்டும்: 0.6. மேலே மூடுபாறை இத்தனை கோடி வருடம் கசியாமல் பிடித்திருக்க வேண்டும்: 0.8. பெருக்கினால் 0.27. நூற்றில் 73 முறை இந்தக் கிணறு வறண்டது. 1983-இல் அலாஸ்காவின் பொஃபோர்ட் கடலில் மக்லக் என்ற பெரிய மேட்டைப் பெரும் செலவில் தோண்டியபோது, பாறையில் எண்ணெய் இருந்த தடம் மட்டும் இருந்தது. எண்ணெய் எப்போதோ வெளியேறிவிட்டிருந்தது. 2017-இல் பேரண்ட்ஸ் கடலில் கோர்ப்ஃபெல் என்ற கிணற்றின் மேல் அவ்வளவு எதிர்பார்ப்பு. கிடைத்தது லாபத்துக்கு எடுக்க முடியாத கொஞ்சம் வாயு.

இந்த இடத்தில்தான் நான் ஒரு பெரிய தப்புச் செய்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு சின்ன நிறுவனத்தில், யாரும் எண்ணெய் கண்டிராத ஒரு பகுதியின் பத்து ப்ராஸ்பெக்ட்களுக்குக் கணக்குப் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் வாய்ப்பு 20 சதவீதம். பத்தும் வறண்டுபோக 0.8-ஐப் பத்து முறை பெருக்கினேன், 0.107 வந்தது. ஏதாவது ஒன்றிலாவது எண்ணெய் கிடைக்க 89 சதவீத வாய்ப்பு என்று எழுதிக் கொடுத்தேன். அதை நம்பிப் பணம் போட்டார்கள். நாலு கிணறும் வறண்டன. வேலை இழந்தவர்களில் என் பக்கத்து நாற்காலிக்காரரும் ஒருவர்.

தப்பு எங்கே? அந்த 20 சதவீதம் இரண்டு எண்களின் பெருக்கல். அந்தப் பகுதியில் மூலப் பாறை வேலை செய்திருக்க 50 சதவீதம். அது வேலை செய்திருந்தால், தனிப்பட்ட மேடு ஒவ்வொன்றும் வெற்றி பெற 40 சதவீதம். முதல் எண் பத்துக்கும் பொது. அது பொய்த்தால் பத்தும் சேர்ந்தே பொய்க்கும். சரியான கணக்கு 0.5 + 0.5 × (0.6-இன் அடுக்கு 10), அதாவது 0.503. ஒன்றுமே கிடைக்காமல் போகும் வாய்ப்பு பத்தில் ஒன்று இல்லை, இரண்டில் ஒன்று. சராசரி மட்டும் இரண்டு வழியிலும் ஒன்றேதான்: இரண்டு கண்டுபிடிப்பு. சராசரியை மட்டும் பார்க்கிறவர் கண்ணுக்கு இந்தத் தப்பு தெரியவே தெரியாது.

ஷீட்டில் இதைச் செய்வது சுலபம். ஒவ்வொரு வரிசையிலும் முதலில் ப்ளேவுக்காக ஒரே ஒரு முறை குலுக்குங்கள். 0.5-க்கு மேல் வந்தால் அந்த வரிசை முழுவதும் பூஜ்யம். கீழே வந்தால் மட்டும் பத்து ப்ராஸ்பெக்டுக்கும் தனித்தனியாகக் குலுக்குங்கள். வெற்றி பெற்றவற்றுக்கு அளவைக் குலுக்கி எடுத்துக் கூட்டுங்கள். 10,000 வரிசையின் மொத்தத்தை வரைந்தால் பூஜ்யத்தில் ஒரு தனித் தூண் நிற்கும், அதற்கு வலப்பக்கம் ஒரு மலை. அந்தத் தூண் இல்லாத வரைபடத்தை யார் காட்டினாலும் நம்பாதீர்கள். பத்து ப்ராஸ்பெக்டின் பி90-களையும் கூட்டி மொத்தத்தின் பி90 என்று சொல்வதும் கூடாது. கூட்டல் சராசரிக்கு மட்டும்தான் பொருந்தும்.

ஒவ்வொரு கிணறு முடிந்ததும் கணக்கைத் திருத்துங்கள். முதல் கிணறு எண்ணெய் கொடுத்தால் மூலப் பாறை வேலை செய்தது உறுதி. மீதி ஒன்பதின் வாய்ப்பு 20-லிருந்து 40 சதவீதமாகத் தாவும். வறண்டால் மூலப் பாறையின் வாய்ப்பு 0.3 ÷ 0.8, அதாவது 37.5 சதவீதமாக இறங்கும்; மற்றவை 15 சதவீதம். மூன்று வறண்டபின் நாலாவதற்கு வெறும் 7 சதவீதம். நாங்கள் நாலாவது கிணற்றையும் 20 சதவீதம் என்று நினைத்துத்தான் தோண்டினோம்.

அக்கா மகன் இந்தத் திருத்தத்தைத் தானே ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டு, "அப்போ செய்தியில வர்ற ஆர்க்டிக் நம்பர் மட்டும் எப்படி?" என்றான். 2008-இல் அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறை, ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே கண்டுபிடிக்காத எண்ணெய் 9,000 கோடி பேரல் என்றது. எண்ணெய், வாயு எல்லாம் சேர்த்த மொத்த வளத்தில் சுமார் 84 சதவீதம் கடலுக்கடியில். கிணறே இல்லாத இடங்களுக்கு, உலகின் வேறு பகுதிகளில் ஒத்த நிலவியல் உள்ள வடிநிலங்களை ஒப்பாக வைத்துக் கணக்கிட்டார்கள். அந்த 9,000 கோடி ஒரு சராசரி. 5 கோடி பேரலுக்கு நிகரான அளவுக்குக் குறைந்த தேக்கங்களைச் சேர்க்கவில்லை. பனிக்கட்டியையும் கடலின் ஆழத்தையும் தடையாக எடுத்துக்கொள்ளவில்லை, செலவையும் பார்க்கவில்லை. இதையெல்லாம் அவர்கள் அறிக்கையிலேயே நேர்மையாக எழுதியிருந்தார்கள். செய்தியாகி வரும்போது எண் மட்டும்தான் வந்து சேர்ந்தது.

நீங்கள் அறிக்கை எழுதும்போது முதல் பக்கத்தில் இவற்றைப் போடுங்கள்: ஒன்றுமே கிடைக்காமல் போகும் வாய்ப்பு, கிடைத்தால் பி90, பி50, பி10, சராசரி, எந்தெந்த ப்ராஸ்பெக்டுக்கு எது பொது, எந்தத் தேதி வரையிலான கிணறுகள். பூஜ்யத்தின் வாய்ப்பு முதல் வரியிலேயே இருக்கட்டும், இரண்டாம் பக்கத்துக்குப் போக வேண்டாம். கோப்பைத் தேதியோடு சேமித்து, கிணறு தோண்டி முடிந்ததும் பக்கத்துப் பத்தியில் உண்மையில் வந்த அளவை எழுதி வையுங்கள். இருபது கிணறுக்கு அப்படிச் சேர்ந்தபின், கிடைத்தவற்றில் எத்தனை உங்கள் பி90-க்குக் கீழே விழுந்தன என்று எண்ணுங்கள். பத்தில் ஒன்றுக்கு மேல் விழுந்திருந்தால், அடுத்த கணக்கில் வீச்சின் கீழ் முனையை இன்னும் இறக்குங்கள்.